கேமராவின் முதுகுச்சுமை

கடைகளில் இன்று விற்கும் கைப்பேசிகள் பலவற்றின் பேட்டரி 5000 மில்லிஆம்பியர்-மணி அளவுள்ளது. சினிமா கேமராவின் பின்புறம் மாட்டும் பேட்டரியிலோ 6800 என்று அச்சிட்டிருக்கும். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னது உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. பின்னது அரைக் கிலோவுக்கு மேல் கனக்கிறது; ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகிறது.

படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும். வெளியூரில் இருப்பவரோடு வீடியோ அழைப்பில் பேசினால் படம் சற்றுப் பிந்தித்தான் வருகிறது. கேமராவிலிருந்து நூறடி தள்ளிக் கூடாரத்தில் இருக்கும் இயக்குநரின் மானிட்டரிலோ நடிகர் திரும்பும் அதே கணத்தில் படமும் திரும்புகிறது. இடையில் கம்பி ஏதும் இல்லை.

இந்த இரண்டுக்கும் காரணம் தெரிந்தால், கேமராவுக்கு எந்த பேட்டரி, எந்த வயர்லெஸ் கருவி என்பதை விளம்பரத்தை நம்பாமல் கணக்குப் போட்டே முடிவு செய்துவிடலாம்.

எண் சொல்லாமல் விடுவது

ஆம்பியர்-மணி என்பது பேட்டரியில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அது எவ்வளவு அழுத்தத்தோடு வெளியே வருகிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது வோல்ட். இரண்டையும் பெருக்கினால்தான் உள்ளே இருக்கும் ஆற்றல் தெரியும். அதற்கான அளவு வாட்-மணி. ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் செலவிட்டால் தீர்வது ஒரு வாட்-மணி.

கைப்பேசி பேட்டரி சுமார் 3.85 வோல்ட். 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 19 வாட்-மணி வருகிறது. கேமரா பேட்டரி 14.4 வோல்ட். 6.8 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 98 வாட்-மணி. ஆக, கேமரா பேட்டரிக்குள் இருப்பது ஐந்து கைப்பேசிகளின் ஆற்றல். எடையின் காரணம் அதுவே.

சீக்கிரம் தீர்வதன் காரணம் செலவில் இருக்கிறது. கைப்பேசி நாள் முழுவதற்கும் சராசரியாக ஒரு வாட்டை ஒட்டித்தான் செலவிடுகிறது. ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா மினி எல்எஃப் என்ற சினிமா கேமரா, கண்ணில் வைத்துப் பார்க்கும் காட்சிமானியோடு சேர்த்துச் சுமார் 65 வாட் எடுத்துக்கொள்கிறது. கைப்பேசி பேட்டரியைக் கொண்டு அதை ஓட்டினால் பதினெட்டு நிமிடத்துக்குமேல் ஓடாது.

எட்டுக் கலங்களும் விமான விதியும்

கேமரா பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரல் தடிமனில் உருளை வடிவக் கலங்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இவை லித்தியம்-அயனிக் கலங்கள். இந்த வகைக் கலத்தைச் சந்தைக்கு முதலில் கொண்டுவந்தது சோனி நிறுவனம், ஆண்டு 1991. அதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கலம் தருவது சராசரியாக 3.6 வோல்ட். நான்கு கலங்களை வரிசையாக இணைத்தால் 14.4 வோல்ட். அப்படி இரண்டு வரிசைகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மின்னூட்டம் இரட்டிப்பாகும். கலத்துக்கு 3.4 ஆம்பியர்-மணி என்று கொண்டால் எட்டுக் கலங்களுக்கு ஏறத்தாழ 98 வாட்-மணி.

வெவ்வேறு நிறுவனங்களும் இந்த 98-லேயே வந்து நிற்பதற்கு இன்னொரு காரணம் விமானப் பயண விதி. 100 வாட்-மணி வரையுள்ள லித்தியம் பேட்டரியைப் பயணி கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; உதிரியாக இரண்டுக்குமேல் அனுமதி இல்லை. 160-ஐத் தாண்டினால் பயணியோடு வரவே முடியாது. எந்த அளவாக இருந்தாலும் உதிரி பேட்டரியைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடக்கூடாது. லித்தியம் கலம் ஒன்று பழுதாகிச் சூடேறினால் அந்த வெப்பம் அடுத்த கலத்தையும் பற்றவைக்கும். பயணிகள் இருக்கும் இடமானால் உடனே கவனித்து அணைக்க முடியும், சரக்கறையில் முடியாது.

வெளியூர்ப் படப்பிடிப்புக்கு விமானத்தில் போகும் குழுவுக்கு இதில் ஒரு தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. 150 வாட்-மணி பேட்டரி கேமராவில் அதிக நேரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் விமான நிலையத்தில் சிக்கலின்றிக் கடப்பது 98 வாட்-மணி பேட்டரிதான்.

ஒரு கேமரா, ஒரு நாள்

எத்தனை பேட்டரி வேண்டும் என்பதை ஒரு கேமராவை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கேமராவுக்கு 65 வாட். அதன் மேல் பொருத்திய சிறு மானிட்டருக்கு 10 வாட். படத்தை அனுப்பும் வயர்லெஸ் பெட்டிக்கு 15 வாட். லென்ஸின் குவியத்தைத் திருப்பும் மோட்டாருக்கும் கட்டளையை அலைவழி பெறும் அதன் வாங்கிக்கும் 10 வாட். கூட்டினால் 100 வாட். கேமராவுக்கு வெளியே இருப்பவை மட்டும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கேமராவின் செலவை மட்டும் பார்த்து பேட்டரி வாங்குபவர்கள் தவறவிடுவது இந்தப் பங்கைத்தான்.

98 வாட்-மணியை 100 வாட்டால் வகுத்தால் 59 நிமிடம் வருகிறது. இது தாளில் வரும் கணக்கு. கடைசிச் சொட்டு வரை யாரும் இழுப்பதில்லை. கலங்களும் வயதாக ஆகக் கொள்ளளவை இழக்கும். ஐந்தில் நான்கு பங்கு மட்டும் பயன்படும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் ஒரு பேட்டரி 47 நிமிடம் தாங்கும்.

கேமரா ஒரு நாளில் ஏழு மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். 420 நிமிடத்தை 47-ஆல் வகுத்தால் ஒன்பது பேட்டரி. படமெடுக்கும் இடத்தில் மின்சாரம் இல்லையென்றால் ஒன்பதையும் கொண்டுபோகத்தான் வேண்டும். மின்சாரம் இருந்தால் கணக்கு மாறும். 2 ஆம்பியர் மின்னேற்றியில் ஒரு பேட்டரி நிரம்ப மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். அந்த நேரத்தில் கேமரா நான்கு பேட்டரிகளைத் தீர்த்துவிடும். ஆகவே கேமராவில் ஒன்று, மின்னேற்றியில் நான்கு, தயாராக ஒன்று என ஆறு பேட்டரிகளும் நான்கு இடமுள்ள ஒரு மின்னேற்றியும் இருந்தால் சுற்று அறுபடாமல் ஓடும். ஏழாவது பேட்டரிக்குச் செலவிடும் பணத்தை வேகமான மின்னேற்றிக்குச் செலவிடுவது பல நேரம் மேல்.

இருப்பு காட்டும்போதே அணைவது ஏன்

பேட்டரியின் விளக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் என்று காட்டுகிறது. கேமராவோ திடீரென்று அணைந்துவிடுகிறது. இது பேட்டரியின் பொய் அல்ல. வாட்-மணி என்பது மொத்த இருப்பு. ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக வெளியே எடுக்கலாம் என்பது வேறு. அந்த வேகத்தைச் சொல்வது ஆம்பியர். ஒவ்வொரு பேட்டரிக்கும் அதில் ஓர் உச்ச வரம்பு உண்டு.

முழுதாக நிரம்பிய பேட்டரியில் 16.8 வோல்ட் இருக்கும். தீரும் தறுவாயில் அது 12-ஐ நெருங்கும். கேமராவுக்கு எப்போதும் வேண்டியது அதே 100 வாட். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டித்தான் இழுக்கும். தொடக்கத்தில் 6 ஆம்பியர் எடுத்த அதே கருவித்தொகுதி முடிவில் 8.3 ஆம்பியர் எடுக்கிறது. பேட்டரியின் வரம்பு 8 ஆம்பியர் என்றால், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று அந்த இடத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே பேட்டரி வாங்கும்போது வாட்-மணிக்கு அடுத்துக் கேட்கவேண்டிய எண் உச்ச ஆம்பியர். அதை ஒப்பிட வேண்டியது கருவித்தொகுதியின் சராசரிச் செலவோடு அல்ல; 12 வோல்ட்டில் அது இழுக்கக்கூடிய அதிகபட்சத்தோடு.

24 வோல்ட் வந்த வழி

நீண்ட காலமாக இந்தத் தொழிலில் நிலைத்திருப்பவை இரண்டு மாட்டும் முறைகள். ஒன்று சோனி வழிவந்த வி-மவுண்ட். மற்றது அமெரிக்காவின் ஆன்டன்/பாவர் நிறுவனம் கொண்டுவந்த கோல்டு மவுண்ட். மாட்டும் விதம் வேறானாலும் இரண்டும் பரவலாகத் தருவது 14.4 வோல்ட் வகுப்பு மின்சாரம்தான்.

கேமராவின் பசி கூடக்கூட இந்த அழுத்தம் போதவில்லை. 2022-இல் வெளிவந்த அலெக்ஸா 35 தனியாகவே சுமார் 90 வாட் கேட்கிறது. மேலே சொன்ன துணைக்கருவிகளைச் சேர்த்தால் 125 வாட். 12 வோல்ட்டில் இதற்குப் பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். எட்டுக் கலங்களையும் ஒரே வரிசையாக இணைத்து 28.8 வோல்ட் ஆக்கினால் 4.3 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியிலும் இணைப்புமுனைகளிலும் வெப்பமாக வீணாவது நான்கில் ஒன்றாகக் குறையும். இத்தகைய பேட்டரிகளை 24 வோல்ட் வகுப்பு என்பார்கள். அலெக்ஸா 35 அந்த வகுப்பை மட்டுமே ஏற்கிறது. அதற்கான மாட்டும் முறை பி-மவுண்ட்.

இதனால் 14.4 வோல்ட் பேட்டரி காலாவதியாகிவிட்டது என்று பொருளில்லை. 100 வாட்டுக்குள் அடங்கும் கேமராவுக்கு அதுவே மலிவு. வாடகைக்கும் எளிதில் கிடைக்கும். 100-ஐத் தாண்டினால் 24 வோல்ட்டைப் பார்க்க வேண்டும்.

வெயிலும் பனியும்

லித்தியம் கலத்தின் முதல் எதிரி வெப்பம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கிடக்கும் பேட்டரி, பயன்படுத்தாமலே மூப்படைகிறது. ஓடிக் களைத்த பேட்டரியைச் சூட்டோடு மின்னேற்றியில் மாட்டாமல் நிழலில் ஆறவிட்டு மாட்டினால் ஆயுள் நீளும்.

குளிரில் சிக்கல் வேறு வகை. லடாக் போன்ற இடங்களில் கலத்தின் உள்ளே வேதிவினை மந்தமாகி, நிரம்பிய பேட்டரியும் பாதி நேரத்தில் ஓய்ந்ததுபோல் தோன்றும். உடலோடு ஒட்டிய பையில் வைத்துச் சூடாக்கினால் இருப்பின் பெரும்பகுதி திரும்பும். ஆனால் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்யவே கூடாது. அப்போது லித்தியம் உலோகமாகவே படிந்து கலத்தை நிரந்தரமாகப் பாழாக்கும். நெடுநாள் எடுத்துவைக்கும்போது முழுதாக நிரப்பாமலும் முழுதாகத் தீர்க்காமலும் பாதி இருப்பில் வைப்பது நல்லது.

நூறு கோடி பிட்டை அனுப்புவது எப்படி

இனி இரண்டாவது புதிர். முழு எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. தொழில்முறைத் தரத்தில் புள்ளிக்கு 20 பிட். நொடிக்கு 24 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய நூறு கோடி பிட். வீட்டு இணைய இணைப்பு நொடிக்கு பத்துக் கோடி பிட் என்றால், இது அதைப்போலப் பத்து மடங்கு. வானொலி அலையில் இதை அப்படியே ஏற்றுவது கடினம்.

வீடியோ அழைப்பு இதற்குச் செய்வது சுருக்குதல். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகிறது. ஒப்பிடுவதற்குச் சில படங்களைத் தேக்கிவைக்க வேண்டும். நொடிக்கு 24 படம் என்றால் ஒரு படத்தின் ஆயுள் 42 மில்லிநொடி. இரண்டு படங்களைத் தேக்கினாலே 84 மில்லிநொடி போய்விடுகிறது. இணையத்தின் வழியில் ஆகும் நேரம் தனி. படம் பிந்தி வருவதற்குக் காரணம் இந்தத் தேக்கமும் வழியில் ஆகும் நேரமுமே. இப்படிப் பிந்துவதைத் தாமதம் என்றே குறிப்பிடலாம்.

தாமதமில்லாக் கருவிகள் வேறு வழியில் போகின்றன. இஸ்ரேலின் அமிமான் நிறுவனம் உருவாக்கிய சில்லுகளும், அவற்றைக் கொண்டு டெராடெக் நிறுவனம் வெளியிட்ட போல்ட் வகைக் கருவிகளும் இந்த வழியைப் பரவலாக்கின. இங்கே படங்கள் தேக்கப்படுவதில்லை. படத்தின் தகவல், முக்கியம் வாரியாகப் பிரிக்கப்படுகிறது. முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மற்றதைச் சாதாரணத் தபாலிலும் அனுப்புவது போல, படத்தின் உருவத்தையும் ஒளிநிழலையும் தாங்கும் பிட்டுகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு; நுண்ணிய வேறுபாடுகளைச் சொல்லும் பிட்டுகளுக்குக் குறைந்த பாதுகாப்பு. அலை வலுவிழந்தால் படம் நின்றுபோகாது. சற்றே புள்ளி தட்டும், அவ்வளவுதான். தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு.

தாமதம் யாருக்குப் பகை

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் தாமதம் 50 முதல் 100 மில்லிநொடி வரை இருக்கும். இது அதிகமா, குறைவா என்பது மானிட்டரைப் பார்ப்பவரின் வேலையைப் பொறுத்தது. நடிப்பைப் பார்க்கும் இயக்குநருக்கு இது உறுத்தாது. உடையையும் ஒப்பனையையும் சரிபார்ப்பவருக்கு ஒரு நொடி பிந்தினாலும் குற்றமில்லை. அவர்களுக்கு வைஃபை வழியாகக் கைக்கணினிக்கு வரும் படமே போதும்.

குவியத்தைத் திருப்பும் ஃபோகஸ் புல்லருக்கு நிலைமை வேறு. 85 மில்லிமீட்டர் லென்ஸ், துவாரம் 2-இல் திறந்திருக்கிறது, நடிகர் இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கிறார் என்று கொள்ளலாம். பெரிய உணரியுள்ள கேமராவில் அப்போது கூர்மையாகத் தெரியும் பகுதி முன்னும் பின்னுமாக மொத்தம் ஆறேழு சென்டிமீட்டர்தான். நடிகர் கேமராவை நோக்கிச் சாதாரணமாக நடந்தால் நொடிக்கு 1.2 மீட்டர் கடப்பார். நூறு மில்லிநொடியில் 12 சென்டிமீட்டர். அதாவது ஃபோகஸ் புல்லர் திரையில் காணும்போது நடிகர் கூர்மையான பகுதியைக் கடந்து வெளியே போயிருப்பார். தாமதம் ஒரு மில்லிநொடி என்றால் விலகல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

ஆகவே ஒரு குழுவுக்கு எல்லா மானிட்டருக்கும் விலை உயர்ந்த வாங்கி வேண்டியதில்லை. ஃபோகஸ் புல்லருக்குத் தாமதமில்லா இணைப்பு ஒன்று. மற்றவர்களுக்கு மலிவான வழி. மானிட்டரும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட தூரம்

ஆயிரம் அடி, ஐயாயிரம் அடி என்று பெட்டியில் போட்டிருப்பது அனுப்பியும் வாங்கியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வெட்டவெளிக்கான அளவு. தூரம் இரட்டித்தால் வந்துசேரும் அலையின் வலு நான்கில் ஒன்றாகும். கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் அதை மேலும் குறைக்கும். மனித உடலில் பெரும்பங்கு நீர் என்பதால் கூட்டமும் அலையை விழுங்கும். வாங்கியை மேசைமேல் வைப்பதற்கும் தாங்குகோலில் தலைக்குமேல் உயர்த்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதிகத் தூரக் கருவி வாங்குமுன் ஆறடி தாங்குகோல் ஒன்றை முயன்று பார்ப்பது மலிவு.

அறைக்குள் இன்னொரு விந்தை நிகழும். நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டரை ஒட்டியது. ஆகவே வாங்கியை ஓரிரண்டு அங்குலம் நகர்த்தினாலே போன படம் திரும்பி வரலாம். நல்ல கருவிகளில் பல ஆன்டெனாக்கள் இருப்பது இதற்காகத்தான். ஒன்று இழந்ததை மற்றொன்று பிடிக்கும்.

நெரிசலும் கவனிக்க வேண்டியது. லென்ஸ் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவிகள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. அதனால் படம் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் போவது இரண்டுக்கும் நல்லது. அந்தப் பட்டையின் சில அலைவரிசைகளை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. பல நாடுகளின் விதிப்படி, அங்கே இயங்கும் கருவி முதலில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தென்பட்டால் விலக வேண்டும். விமான நிலையத்துக்கு அருகே படமெடுக்கும்போது அந்த அலைவரிசைகளைத் தவிர்ப்பது நல்லது. இந்தியாவில் 2018-இல் வந்த அறிவிக்கை 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை, திறன் வரம்போடு, தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் கருவிக்கு வகை ஒப்புதல் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கிவரும் கருவிக்கு இதை முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

பேட்டரியும் வயர்லெஸ்ஸும் சந்திக்கும் இடம்

வயர்லெஸ் அனுப்பி மின்சாரத்தை பேட்டரியிலிருந்தோ கேமராவிலிருந்தோ எடுக்கிறது. பெரும்பாலும் டி-டாப் என்னும் இணைப்பின் வழியாக. படத்தை எஸ்டிஐ என்னும் வீடியோ கம்பி வழியாகப் பெறுகிறது. இந்த இரண்டு கம்பிகளையும் மாட்டும் வரிசையில் கேமராவின் உயிர் இருக்கிறது.

எந்தக் கருவிக்கும் மின்சாரம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் திரும்ப வேண்டும். டி-டாப்பைச் செருகும்போது நேர்முனை முதலில் தொட்டு, எதிர்முனை தொடுவதற்குள் ஒரு நொடிப்பின்னம் கடக்கலாம். அதற்குள் எஸ்டிஐ கம்பி மாட்டியிருந்தால், திரும்பும் மின்சாரம் அதன் வழியாகப் பாயும். அந்தக் கம்பி மெல்லிய சைகைகளுக்கானது. அதன் மறுமுனையில் கேமராவின் படவெளியீட்டுச் சில்லு இருக்கிறது. அது எரிந்தால் கேமரா பழுதுபார்க்கப் போக வேண்டும்.

தடுப்பது எளிது. மாட்டும்போது முதலில் மின்கம்பி, பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு மின்கம்பி. எதிர்முனை தளர்ந்த டி-டாப்பையும், உறை கிழிந்த எஸ்டிஐ கம்பியையும் தூக்கிப்போட வேண்டும். விலை குறைந்த டி-டாப் சிலவற்றை அழுத்தினால் தலைகீழாகவும் செருக முடியும். அதில் நேரும் சேதத்துக்கு எந்த வரிசையும் காவல் அல்ல.

தேர்வின் வரிசை

முதலில் மாட்டப்போகும் எல்லாக் கருவிகளின் வாட்டையும் கூட்ட வேண்டும். 100-க்குள் என்றால் 14.4 வோல்ட், மேலே என்றால் 24. அடுத்து பேட்டரியின் உச்ச ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அதன்பின் நாளைக்கு எத்தனை மணி நேரம், மின்னேற்ற வசதி உண்டா, விமானப் பயணம் உண்டா என்ற கேள்விகள் பேட்டரியின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்துவிடும். வயர்லெஸ்ஸில் முதல் கேள்வி தூரம் அல்ல; படத்தைப் பார்த்து யார் என்ன வேலை செய்யப்போகிறார் என்பது. தாமதம் முடிவானபின் தூரம், அதன்பின் விலை.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லாக் கருவிகளையும் மாட்டி, ஒரு பேட்டரியை அணையும்வரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது கடிகாரம் காட்டும் நேரமே நம்பத்தக்க எண். பெட்டியில் அச்சிட்டவை எல்லாம் மதிப்பீடுகள்தான்.